புசுவிடம் நான் சொன்ன ‘போலே’

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. அறக்கட்டளை ஆண்டு மலர் வெளியிடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு ‘வெற்றிக் கதை’ எழுதித் தர வேண்டுமாம். ஐந்நூறு சொல்லுக்கு மிகாமல், பாசிட்டிவாக, முடிந்தால் மலைப்பெண் ஒருத்தி சிரிக்கிற படத்தோடு. அனுப்பிய பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ‘அன்புள்ள லெச்சுமி ஆன்ட்டி’ என்று தொடங்கி, பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்கிற மாதிரி அளவு சொல்லி முடித்திருந்தாள்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஐந்நூறு சொல்லில் அடங்கவில்லை. பாசிட்டிவாகவும் வரவில்லை. அவர்களுக்கு அனுப்பினால் எழுத்தைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் போடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷம் ‘கியூசி’யாக இருந்தவள். தரம் பார்க்கிற வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்ப்யூட்டர் சில்லுகளை வைத்து, நன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், பழுது இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்தப் பிரிவை மூடிய பிறகு, ஜாலான் பர்மா தெருவில் இருந்த இந்த அறக்கட்டளைக்குத் ‘தர அதிகாரி’யாகப் போனேன். நேர்காணலில், “மலை ஏறிப் பழக்கம் உண்டா?” என்று கேட்டார்கள். “கொடிமலைக்கு ரயிலில் போயிருக்கிறேன்” என்றேன். எடுத்துக்கொண்டார்கள். மலையைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பயிற்சி, பத்து பிரிங்கி என்கிற கடற்கரையில், ஹோட்டல் ஒன்றில் ஐந்து நாள். ‘உங்கள் கனவு மரத்தை வரையுங்கள்’ என்றார்கள். எனக்கு ரம்புத்தான் மரம்தான் வரைய வரும். வரைந்தேன். பயிற்சி கொடுத்த அம்மையார் அதில் என் அடக்கிவைத்த ஏக்கங்களையெல்லாம் கண்டுபிடித்தார். ஐந்தாம் நாள் சான்றிதழ் தந்தார்கள். மலைப்பெண்களை முன்னேற்ற நான் தயார்.

திட்டத்தின் பெயர் ‘பாரம்பரியக் கலையும் படைப்பாற்றலும் வழியாக மலைவாழ் மகளிர் மேம்பாடு’. அதை மலாயில் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். இடம் பற்றாமல், மலாயில் கடைசியாக வருகிற ‘மகளிர்’ இழுப்புக் கதவுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தால் மகளிரைக் காணோம். வேன் ஓட்டிய மூசா அண்ணன் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்த ஆபீஸில் எனக்குத் தெரிந்து புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

போக வேண்டிய ஊர் பேராக் மலைக்குள் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் பட்டது போதும். பினாங்குப் பாலம் கடந்து, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போய், பிறகு ஃபோர் வீலுக்கு மாறி மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண் பாதையில் இன்னும் மூன்று மணி நேரம். முப்பது வீடுகள் உள்ள கம்போங், ஓராங் அஸ்லி என்கிற பூர்வகுடிகளின் கிராமம். அங்கே பெண்கள் மெங்குவாங் இலையில் பாயும் பையும் முடைவார்கள். நம் தாழையைப் போல ஓரமெல்லாம் முள் உள்ள நீண்ட இலை அது. முள்ளைச் சீவி, நெருப்பில் வாட்டி, பல் வைத்த சின்னக் கருவியால் ஒரே அகலத்தில் கிழித்து, மூங்கிலால் நீவி, ஓடைத் தண்ணீரில் ஊறப் போட்டு, வெயிலில் காயவைத்து, சாயம் ஏற்றிய பிறகுதான் முடைய உட்கார முடியும். ஒரு பைக்கு இரண்டு வாரம் ஆகும்.

இரண்டு வாரம் உழைத்து முடைந்ததை நான் இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடிப்பேன். அடிஸ்கேலால் நான்கு பக்கமும் அளப்பேன். ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் பழுது. மூக்கருகே வைத்து முகர்வேன். அடுப்புப் புகை வாசம் அடித்தால் பழுது. தொழிற்சாலையைப் போலவே இங்கேயும் நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், பழுதுக்குச் சிவப்பு. அடுப்பு எரிகிற வீட்டில் முடைந்த பையில் வேறு என்ன வாசம் வரும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் ஆறு மாதம் பழுது குறையவே இல்லை, கூடிக்கொண்டே போனது. அதிலும் புசு என்கிற பெண் இருந்தாளே, ஊரிலேயே கைவேலை சுத்தமானவள் அவள்தான், என் வயதுதான் இருக்கும், அவளுடைய பைகள் மாதா மாதம் மோசமாகிக்கொண்டே வந்தன. எல்லாப் பையிலும் சொல்லிவைத்தாற்போல இடது மூலை ஒரு விரல் கூடுதலாக இருக்கும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருநாள் அவள் வீட்டுக்கு ஏறினேன். சுவர் முழுக்க என் சிவப்பு ஸ்டிக்கர்கள். குழந்தைகளின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர். பச்சை ஸ்டிக்கரை ஒரு மூலையில் உரித்துப் போட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். என் நெற்றியில் எந்நேரமும் சிவப்புப் பொட்டு இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த பைக்கு என்னுடைய பொட்டையே வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எந்தப் பிழை விட்டால் பொட்டு கிடைக்கும் என்று புசு கணக்காகக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் பதினோரு வருஷம் கியூசி. ஆபீஸ் அறிக்கையில் ‘தரவிதிகள் பற்றிய புரிதல் குறைவு’ என்று எழுதினேன். யாருடைய புரிதல் என்று எழுதவில்லை.

இனி மேடம். மேடம் கோமளா எங்கள் திட்ட இயக்குநர். வருஷத்துக்கு இரண்டு முறை மலைக்கு வருவார். வண்டி நின்றதும் முதலில் காலணியைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வாங்கிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வார். தோட்டைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். பிறகு ஒரு மணிமாலையை எடுத்துக் கழுத்தில் மாட்டுவார். அது இந்த மக்களுடைய மாலை அல்ல, சரவாக் விமான நிலையத்தில் வாங்கியது. இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலையை இடது பக்கம் சாய்த்து, கண் கலங்குகிற வரைக்கும் அப்படியே நிற்பார். கண் கலங்கியதும் கேள்வி ஆரம்பம்.

“லெச்சுமி, கேளுங்க. இவங்க கனவு என்னன்னு கேளுங்க.”

மேடத்துக்கு மலாய் அவ்வளவாக ஓடாது. மேடையில் வாசிப்பார், மனிதரிடம் பேச வராது. என் மலாயும் ஒன்றும் உசத்தி இல்லை, மீன் கடையில் பேரம் பேசிக் கற்ற பாசார் மலாய். ஆனாலும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ‘கனவு’ என்பதற்கு ‘மிம்பி’ என்றேன். அந்த அம்மாள் யோசித்து, முந்தின ராத்திரி தூக்கத்தில் ஒரு தாப்பிர் மிருகம் வீட்டுக்குள் வந்து சோற்றுப்பானைப் பக்கத்தில் படுத்துக்கொண்டதை விலாவாரியாகச் சொன்னாள். அவர்களுக்குக் கனவு பெரிய விஷயம். மேடம் ஆவலாக என்னைப் பார்த்தார்.

“வீடு வேணுமாம் மேடம்” என்றேன்.

“பாருங்க!” என்றார் மேடம். கண் துடைத்துக்கொண்டார். அறிக்கையில் ‘சொந்த வீடு என்னும் லட்சியம்’ என்று வந்தது. என் வழக்கம் அப்படி. மேலேயிருந்து வருவதையும் கீழேயிருந்து போவதையும் கொஞ்சம் பூசி மெழுகிக் கைமாற்றிவிடுவேன். இரண்டு பக்கமும் சந்தோஷம், வண்டியும் இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒருநாள் புசுவின் முறை வந்தது. பினாங்கில் பெரிய கண்காட்சி ஒன்று நடத்த ஏற்பாடாகியிருந்தது. மேடம் புசுவின் கையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, என்னிடம் திரும்பினார்.

“இந்த அம்மா ஒரு நாள் பினாங்கு வந்து மேடையில உக்காந்து முடையலாம், இல்ல? யார் கண்டா! சொல்லுங்க லெச்சுமி.”

உட்காரலாம். அந்த ‘லாம்’ எப்படிப்பட்ட ‘லாம்’ என்று தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் “இன்னொரு நாள் சாவகாசமா பேசலாம்” என்கிறோமே, அந்த ‘லாம்’. நான் அதற்குப் ‘போலே’ என்ற மலாய்ச் சொல்லைப் போட்டேன். நம் ஊரில் போலே என்றால் முடியும், ஆகட்டும், சரி, எல்லாம்தான். நீங்கள் பினாங்குக்கு வந்து மேடையில் உட்கார போலே என்றேன்.

புசு என் முகத்தையே பார்த்தாள். “போலே?” என்று கேட்டாள்.

“போலே, போலே” என்றேன் நான். எனக்குப் பசி.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“லெச்சுமி, ப்ராக்டிகலா யோசிங்க. அந்த அம்மாவுக்கு முன்பல்லு ரெண்டு இல்ல, வாயெல்லாம் வெத்தலக் கறை. ஸ்பான்சர் பக்கத்துல உக்கார வச்சா போட்டோ எப்படி வரும்? நம்ம திவ்யாவ வச்சுக்கலாம். டான்ஸ் ஆடுற பொண்ணு, எக்ஸ்பிரஷன் நல்லா குடுக்கும்லா.”

திவ்யா பாகான் டாலாம் பெண். பரதம் ஆடுவாள். கல்யாண வீடுகளில் வரவேற்பில் நிற்பாள். தங்கமான பிள்ளை. அவளுக்குக் கன்னத்தில் கோடு போட்டு, தலையில் இலை முடிந்து, மெங்குவாங் பாயில் உட்கார வைத்தார்கள். புசு பாதி முடைந்து அனுப்பியிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, முடைவது போல திவ்யா விரலை ஆட்டினாள். விரல் ஆட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். ‘கண்ணில் எவ்வளவு உண்மை!’ என்று ஒரு பெண்மணி சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் மலையிலிருந்து பை வருவது நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம். ‘ஊக்கக் குறைவு’ என்று மேடம் முடிவு செய்தார். ஒரு ஃப்ளிப் சார்ட்டும் நான்கு மார்க்கர் பேனாவும் கொடுத்து, ஊக்கமூட்ட என்னை அனுப்பினார்.

போய்ப் பார்த்தால் புசு வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. பை எடுக்க வந்தவர்களிடம் கேட்டுவைத்த கண்காட்சி நாளுக்கு முந்தின நாளே சாரோங் கைலியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மண் பாதை ஓரத்தில் எங்கள் வண்டிக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாளாம். மூன்றாம் நாள் பெண்கள் வந்து கூட்டிப்போய் வீட்டில் விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மற்றவர்கள்தான் அவளுக்கு மரவள்ளியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மெங்குவாங் வளர்கிற சதுப்பு அவள் அம்மா நட்டது. அவள் வந்து வெட்டிக் கொடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். அதனால் இலை இல்லை, பை இல்லை.

“கோவிச்சுக்கிட்டாளா அண்ணே?” என்று மூசா அண்ணனைக் கேட்டேன். அவர் அந்த ஊர் ஆண்களோடு உட்கார்ந்து சிகரெட் பிடித்து எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பார்.

“கோவமெல்லாம் இல்ல லெச்சுமி. மலாய்க்காரங்க கெம்புனான்னு சொல்லுவாங்கள்ல? சாப்பிட ஆசப்பட்டது கெடைக்காம வெளிய போனா ஆபத்து வரும்னு. இவங்களுக்கு அது ரொம்பப் பெரிசு. புனான்ங்கிறாங்க. ஒருத்தர் மனசுல ஆசைய கெளப்பிட்டு குடுக்காமப் போனா, ஆசப்பட்டவங்களத்தான் பாம்பு கடிக்கும், மரம் விழும். அதான் அந்தம்மாவ வெளிய விடாம பாத்துக்கிறாங்க.”

“நல்ல கதையா இருக்கே” என்றேன்.

“எனக்கென்ன, நான் டிரைவர்” என்றார்.

ஃப்ளிப் சார்ட்டை மரத்தில் சாய்த்து வைத்தேன். ‘பயத்தை வெல்வோம்’ என்று பெரிதாக எழுதினேன். யாருக்கும் படிக்கத் தெரியாது. பிறகு புசு வீட்டுக்கு ஏறி, பயிற்சியில் கற்ற அத்தனையையும் கொட்டினேன். பெண் என்றால் சக்தி, மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கக் கூடாது, எனக்கு இலை வேண்டும், எனக்காக வா, நான் கூடவே வருகிறேன், ஒன்றும் ஆகாது. மலாயில் இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. மற்ற பெண்கள் புசுவைப் பார்த்தார்கள். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

சதுப்புக்குப் போகிற வழியில் ஓடையின் குறுக்கே ஒரு மரம் கிடக்கும். அவள் பிறந்ததிலிருந்து நடந்த மரம். அதில் நடுவில் போகும்போது கால் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெண்கள் சாரோங்கை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கி வந்தார்கள். ஃபோர் வீலில் மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டே போனோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மருத்துவமனையில் முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டார்கள்.

அறிக்கையில் மேடம் எழுதியது: ‘மூலப்பொருள் சேகரிப்பின்போது சிறு அசம்பாவிதம்.’

மூன்று வாரம் கழித்து ஊரார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஊர்த் தலைவர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். புசு கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். ஆசையைக் கிளப்பியது யார் என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமாக நினைத்ததையெல்லாம் சொல்ல ஒரு வாய்ப்பு.

“மேடம்தான்” என்றேன். “அவர் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது.”

புசு இல்லை என்று தலையை ஆட்டினாள். “அந்தம்மா உங்க பாஷையில என்னமோ சொன்னாங்க. எனக்கு அது புரியல. நான் உன் வாயிலேர்ந்துதான் கேட்டேன் அக்கா. போலேயான்னு கேட்டேன். நீ ரெண்டு தடவ போலேன்ன.”

‘லாம்’ பற்றி விளக்க வாயைத் திறந்தேன். ஒருவேளை என்பதற்கு மலாயில் சொல் இருக்கிறது, ‘முங்கின்’. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும். போலே என்று சொன்னால் பேச்சு முடியும், முங்கின் என்று சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். வண்டிக்கு நேரமாகிவிடும் என்றுதான் அதைச் சொல்லவில்லை.

“சரி, தப்பு என்னுடையதுதான்” என்றேன். “ஆனா ஆபத்துன்னு தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் என்கூட வந்த? வரலன்னு சொல்லியிருக்கலாமே?”

எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். பதில் சொன்னது புசுதான்.

“நீ எல வேணும்னு கேட்டியே. நான் தரலன்னா உனக்குல்ல புனான் ஆயிடும்? நீ அவ்ளோ தூரம் வண்டியில போகணும்.”

தொழிற்சாலையும் அறக்கட்டளையுமாகப் பதினேழு வருஷ வேலையில் நான் அழுதது அந்த ஒரு நாள்தான். அவமானமாக இருந்தது.

அவர்கள் விதித்த தண்டம் எளிமையானது. சொன்னதைச் செய்து முடி. அவ்வளவுதான். மேடத்திடம் கேட்டேன். காப்புறுதி இல்லை, அதற்கு ஃபார்ம் இல்லை, கண்காட்சியே முடிந்துவிட்டதே, “எமோஷனல் ஆகாதீங்க லெச்சுமி” என்றார். நான் லீவு போட்டேன். மூசா அண்ணன் தன் மைத்துனரின் ஃபோர் வீலைக் கேட்டு வாங்கிவந்தார். பின் சீட்டில் புசுவின் காலைத் தலையணைமேல் நீட்டிவைத்து பினாங்குக்கு இறக்கினோம்.

பாலத்தின் மேல் வரும்போது கடலைக் காட்டினேன். “நிறைய தண்ணி” என்றாள். அவ்வளவுதான் அவளுக்குக் கடல். அவளுக்குச் சொன்னது மேடை, கடல் இல்லை.

ஆபீஸ் முன்கூடத்தில் கண்காட்சி மேடையின் ஒரு பகுதியை வருகிறவர்கள் பார்ப்பதற்காக அப்படியே வைத்திருந்தார்கள். முழங்கால் உயரப் பலகை, மேலே பாய், சுவரில் ஆளுயரப் படம். மேடம் அன்று கோலாலம்பூரில். நானும் மூசா அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து புசுவை ஏற்றி உட்காரவைத்தோம். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். புசு பாயைத் தடவிப் பார்த்தாள். அவள் முடைந்த பாய்தான். கொண்டுவந்த இலைக்கீற்றுகளை மடியில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் போல, யாரையும் பார்க்காமல் முடைந்தாள். முகம் தெளிந்தது எனக்குத் தெரிந்தது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிறகு திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். இலை முடிந்த தலையோடு திவ்யா.

“இது யாரு?”

“அன்னைக்கு உன் இடத்துல உக்காந்த பொண்ணு.”

“கீழ என்ன எழுதியிருக்கு?”

இந்த முறை பூசி மெழுகவில்லை. உள்ளது உள்ளபடி படித்தேன். “புசு, முடைபவர்.”

அவள் கை நின்றது. “என் பேரையா அவளுக்குப் போட்டீங்க?”

“ஆமா.”

“அப்ப இத்தன மாசமா அந்தப் பொண்ணு என் பேரோடயா வெளிய போய்க்கிட்டு இருக்கா? என் பேருக்கு இருந்த புனான் அவளுக்கும்தான் இருக்கும். அவகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

யாரும் சொல்லவில்லை. நான் மூசா அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. திவ்யாவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, சொல்லுங்கக்கா. பெட்ரோல் போட நின்னேன், மோட்டார்ல இருக்கேன்.”

“நேரா வீட்டுக்குப் போம்மா. மெதுவா போ. போய்ச் சேந்ததும் எனக்குப் போன் அடி.”

“ஏன்க்கா? என்னாச்சு?”

“ஒருத்தவங்க உன்ன நெனச்சிப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

மூசா அண்ணன் புசுவை இறக்கக் கை நீட்டினார். “அவ வெளிய இருக்கிற வரைக்கும் என் பேரு இங்கயே உக்காந்திருக்கட்டும்” என்று அவள் மறுத்துத் தலையசைத்தாள். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி மேடைமேல் இன்னும் உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு, மறுபடி முடைய ஆரம்பித்தாள். திவ்யா பாகான் டாலாமில் வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குப் போன் செய்ய முக்கால் மணி நேரமானது. அதுவரைக்கும் புசு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.